கேட்கும் இசையும் காக்கும் அந்தரங்கமும்

(தசலட்சணப் பெருவிழாவின் ஆறாம் நாளாகிய உத்தம சம்யம தினத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சம்யமம் என்றவுடன் உணவைப் பற்றிப் பேசுவதே நம் வழக்கம். பொழுது சாய்வதற்குள் உண்பதையும், கிழங்கு வகைகளை விலக்குவதையும், தண்ணீரை வடிகட்டிப் பருகுவதையும் நம் பிள்ளைகள் தாய்மடியிலேயே கற்றுக்கொள்கின்றனர். ஐம்பொறிகளில் நாவுக்கு இத்துணைக் காவல் வைத்த நாம், செவிக்கு என்ன காவல் வைத்திருக்கிறோம் என்பதே இன்று நான் உங்கள்முன் வைக்க விரும்பும் வினா.

முதலில் நான் விரும்பிக் கேட்கும் இசையைச் சொல்லிவிடுகிறேன். புலனடக்கம் பேச வந்தவர் இசைக்குப் பகைவர் என்று எவரும் எண்ணிவிடலாகாது. மார்கழி விடியலில் நம் ஜினாலயங்களில் பாடப்பெறும் திருவெம்பாவைக்கே என் நெஞ்சில் முதலிடம். பனியில் கட்டிய தொண்டையோடு, ஒருவர் முந்தியும் ஒருவர் பிந்தியும் பாடுவார்கள், சுருதி சேராது. அந்தச் சேராமையோடு கேட்டால்தான் அது எனக்குத் திருவெம்பாவை. அடுத்தது மானதுங்க ஆசாரியரின் பக்தாமரம். அதன் 48 செய்யுள்களும் வசந்ததிலகம் என்னும் ஒரே யாப்பில், அடிக்கு 14 எழுத்தாக அமைந்தவை. பொருள் முழுதும் விளங்காத சிறுவரையும் அந்த நடை தன்னோடு அழைத்துச் சென்றுவிடும். மயிலை நேமிநாதரைப் போற்றும் அவிரோதியாழ்வாரின் திருநூற்றந்தாதியை இராகமிட்டுப் பாடுவோர் இன்று குறைந்துவிட்டனர். ஒரு பாட்டின் முடிவே அடுத்த பாட்டின் தொடக்கமாவதால், நூலைக் கையில் எடுக்காமலேயே பாட உகந்தது அது.

ஜினாலயத்துக்கு வெளியிலும் என் செவிக்கு உறவினர் உண்டு. சிட்டிபாபுவின் வீணை அவ்வுறவுகளுள் ஒன்று. காருகுறிச்சி அருணாசலத்தின் நாதசுரம் மற்றொன்று. 1962இல் வெளிவந்த ‘கொஞ்சும் சலங்கை’ படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு அந்த நாதசுரம் இழையும் பாட்டை இலங்கை வானொலியில் எத்தனை முறை கேட்டிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. அப்பாட்டு வேலனைப் பாடுகிறதே என்று ஒருவர் என்னிடம் குறைப்பட்டார். ஆபேரி இராகம் எந்தச் சமயத்தையும் சார்ந்ததன்று என்று விடை சொன்னேன். அவர் மனம் நிறைந்ததாகத் தெரியவில்லை.

நம் ஆசாரியர்கள் செவியை மறந்தவர் அல்லர். சமந்தபத்திரரின் இரத்தின கரண்டகத்தை நாம் அறிவோம்; அதைத் தழுவித் தமிழில் எழுந்த அருங்கலச்செப்பையும் அறிவோம். இல்லறத்தாருக்குரிய விரதங்களுள் போகோபபோக பரிமாணம் என்று ஒன்று அங்கே கூறப்படுகிறது. நுகர்பொருளுக்கு அளவு வகுத்துக்கொள்ளுதல் என்பது அதன் பொருள். எவற்றுக்கெல்லாம் அளவு வகுக்கலாம் என்று ஆசாரியர் ஒரு பட்டியல் தருகிறார். உணவு, ஊர்தி, படுக்கை, நீராடல், பூச்சு, மலர், தாம்பூலம், ஆடை, அணி என்று செல்லும் அப்பட்டியலில் இசையும் பாட்டும் பெயர் சொல்லியே வைக்கப்பட்டுள்ளன. இசையை முற்றிலும் விடுக என்று அவர் சொல்லவில்லை. இன்று, இந்தப் பகல், இந்த இரவு, ஒரு பக்கம், ஒரு திங்கள், ஒரு பருவம், அரையாண்டு என்று காலவரையறை செய்துகொண்டு விலக்கியிருத்தலை நியமம் என்று குறிக்கிறார். வாழ்நாள் முழுமைக்கும் விடுதல் வேறு; அது யமம்.

இந்த விரதத்தின் பெயரிலேயே ஒரு நுட்பம் உண்டு. ஒருமுறை நுகர்ந்தவுடன் தீர்ந்துபோவது போகம். திரும்பத் திரும்ப நுகரத்தக்கது உபபோகம். சோறு போகம், வேட்டி உபபோகம். அப்படியானால் பாட்டு எதில் அடங்கும்? சமந்தபத்திரர் காலத்தில், பாடுபவர் வாய் மூடியவுடன் பாட்டும் தீர்ந்தது; மறுநாள் அவரே பாடினாலும் அது வேறொரு பாட்டு. ஆகவே பாட்டைப் போகத்தில் சேர்ப்பதே பொருந்தும் என்பது என் கருத்து. 1877இல் எடிசன் ஒலியைப் பதிந்து மீட்டும் கருவியைச் செய்துகாட்டியதிலிருந்து அது உபபோகமாக மாறத் தொடங்கியது. ஒலித்தட்டும் ஒலிநாடாவும் வந்தபின், இறந்தவர் குரலையும் நாம் மீண்டும் மீண்டும் கேட்கிறோம். இம்மாற்றத்தை நான் பழிக்க மாட்டேன். வேலைக்காகக் கடல் கடந்த நம் பிள்ளைகளின் வீட்டில் பக்தாமரம் ஒலிக்கிறது என்றால், அது இந்தக் கருவிகள் தந்த கொடை. உச்சரிப்பைத் திருத்தப் பாட்டி உடன் இல்லாத பேரனுக்குப் பாட்டியின் குரலே ஒலிப்பேழையாகிக் கிடைக்கிறது.

இப்போது மூன்றாவதாக ஒரு நிலை வந்திருக்கிறது. அதற்கு நம் நூல்களில் பெயர் இல்லை. சென்னையில் 1938இலும் திருச்சிராப்பள்ளியில் 1939இலும் வானொலி நிலையங்கள் தொடங்கப்பெற்றன. நான் சிறுபருவத்தில் கண்ட காலத்தில் ஊராட்சி வானொலிப் பெட்டி மாலையில் ஒலிக்கும். தேநீர்க் கடையில் ஒன்று முழங்கும். ஊரே அதைக் கேட்டது. ஆயினும் எவர் எந்தப் பாட்டுக்கு நின்றார், எந்தப் பாட்டுக்குக் கண் கலங்கினார் என்பதை எவரும் ஏட்டில் குறித்துவைக்கவில்லை. இன்று நம் பிள்ளைகள் காதுக்குள் கருவியைச் செருகிக்கொண்டு கேட்கின்றனர். பக்கத்தில் இருக்கும் தாய்க்கும் அது கேட்பதில்லை. ஆனால் எந்தப் பாட்டு, எந்த மணிக்கு, எந்த ஊரில், எந்தக் கருவியில், எத்தனை நொடி, எந்த நொடியில் தாண்டப்பட்டது, எத்தனை முறை மீண்டும் கேட்கப்பட்டது என்பதெல்லாம் எங்கோ ஒரு கணினியில் பதிவாகின்றன. அப்பதிவுகளைக் கோத்துப் பார்த்துத்தான் அடுத்த பாட்டு நமக்குப் பரிமாறப்படுகிறது. நள்ளிரவு இரண்டு மணிக்கு ஒருவர் ஒரே சோகப்பாட்டைப் பத்து முறை கேட்டால், அவர் வீட்டாருக்குத் தெரியாத துயரம் அந்தக் கணினிக்குப் புலனாகிவிடக் கூடும்.

இதில் என்ன தீங்கு, நான் ஒளிப்பதற்கு ஒன்றுமில்லையே என்று சொல்வோர் உண்டு. அவர்களுக்கு என் விடையைத் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்திலிருந்து எடுக்கிறேன். பொய்யாமை விரதத்துக்கு உமாசுவாமி ஆசாரியர் ஐந்து அதிசாரங்களை, அதாவது வழுக்களைக் கூறுகிறார். பொய் உபதேசமும் பொய்யாவணம் எழுதுதலும் எவரும் எதிர்பார்ப்பவை. மற்ற மூன்றும்தான் என்னை வியக்க வைப்பவை. மறைவில் நிகழ்ந்ததை வெளிப்படுத்தும் ரகோப்யாக்கியானம் ஒன்று. நம்பி ஒப்படைத்ததைக் கவரும் நியாசாபகாரம் ஒன்று. குறிப்பால் உணர்ந்த உள்ளக்கருத்தை வெளியிடும் சாகார மந்திர பேதம் ஒன்று. இம்மூன்றில் முதலிலும் கடைசியிலும் ஒரு சொல்லும் பொய் இல்லை என்பதைக் கவனியுங்கள். நிகழ்ந்ததைத்தான் சொல்கிறார், உள்ளதைத்தான் சொல்கிறார். அவ்வாறிருந்தும் அது வாய்மைக்கு வழு என்று ஆசாரியர் வகுக்கிறார். பிறருடைய அந்தரங்கத்தைக் காப்பதை வெறும் நாகரிகமாகக் கருதாமல் வாய்மையின் உறுப்பாகவே வைத்த பெருமை நம் நூல்களுக்கு உண்டு.

சாகார மந்திர பேதத்துக்குப் பூச்சியபாதர் தம் சர்வார்த்த சித்தியில் எழுதிய விளக்கம் இன்னும் நுட்பமானது. பேச்சின் பொருள், இடம், உடலில் தோன்றும் மாறுபாடு, புருவ அசைவு முதலியவற்றால் ஒருவர் மனத்திலுள்ளதை அறிந்து, பொறாமை முதலிய காரணத்தால் வெளியிடுதல் என்கிறார். புருவ அசைவு என்ற சொல்லைப் படித்தபோது எனக்குச் சீவக சிந்தாமணி நினைவுக்கு வந்தது. காந்தருவதத்தையார் இலம்பகத்தில் தத்தை வீணையோடு பாடுகிறாள். அப்போது அவள் புருவம் ஏறவில்லை, கண் அலையவில்லை, மிடறு விம்மவில்லை, பல் தோன்றவில்லை. பாடியது அவள் வாயோ, வீணைதான் நாப்பெற்றுப் பேசியதோ என்று கேட்டோர் மயங்கினர் என்று திருத்தக்கதேவர் பாடுகிறார். உரைகாரர்கள் அதை இசைக்கலையின் தேர்ச்சி என்று கொள்வர், அது சரியே. முனிவராகிய புலவர் பாடியதாதலால், தன் உள்ளத்தைப் புறத்தார் படிக்கத் தராத ஓர் அடக்கத்தையும் நான் அங்கே காண்கிறேன். திருவாய் அசையாமல் எழும் திவ்யத்வனியைக் கேட்டறிந்த மரபில் வந்தவருக்கு அக்கற்பனை இயல்பாகவே பிறந்திருக்கும்.

இன்றைய கருவி புருவத்தைப் பார்ப்பதில்லை. விரல் எங்கே நின்றது என்று பார்க்கிறது. இன்னும் ஒரு படி மேலே செல்லவும் முயற்சிகள் உண்டு. பேசுபவரின் குரலைக் கேட்டு அவர் மனநிலை, வயது, பால் முதலியவற்றை ஊகித்துப் பாட்டைப் பரிந்துரைக்கும் முறை ஒன்றுக்கு ஸ்பாட்டிஃபை நிறுவனம் 2021இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது. எதிர்ப்பு எழுந்தபோது, அதனைத் தாங்கள் பயன்படுத்தவில்லை, பயன்படுத்தும் திட்டமும் இல்லை என்று அந்நிறுவனம் விளக்கம் தந்தது. அதை நம்பலாம். ஆயினும் அப்படி ஒன்றைச் செய்ய இயலும் என்பது எழுத்தில் வந்துவிட்டது. கணினிக்கு ஏது பொறாமை என்று நீங்கள் கேட்கலாம். பூச்சியபாதர் பொறாமை ‘முதலிய’ என்று எழுதினார். அந்த ‘முதலிய’வுக்குள் ஆதாயம் அடங்கும் என்பது பழைய தமிழாசிரியராகிய என் துணிபு.

நியாசாபகாரத்தையும் பார்ப்போம். ஒருவர் நூறு பொன்னை ஒப்படைத்துவிட்டு எண்ணிக்கையை மறந்து எண்பது கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ‘ஆம், எண்பதுதான்’ என்று கொடுத்து இருபதைத் தன்னிடம் வைத்துக்கொள்வது அவ்வழு. நாம் இந்தச் செயலிகளில் எவ்வளவு ஒப்படைத்தோம் என்று நம்மில் யாருக்கு எண்ணிக்கை தெரியும்? நாட்டின் சட்டமும் இந்தத் திசையில்தான் நடக்கிறது. 2017 ஆகஸ்ட் 24 அன்று, புட்டசாமி வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு அந்தரங்க உரிமையை அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. பிறர் தகவலைத் திரட்டிக் கையாளும் நிறுவனத்தை, நம்பி ஒப்படைக்கப்பட்ட பொருளுக்குப் பொறுப்பாளர் என்று பொருள்படும் சொல்லாலேயே அச்சட்டம் குறிக்கிறது. நியாசம் என்ற நம் சொல்லும் அதுவே. 18 வயது நிரம்பாதவர் தகவலுக்குப் பெற்றோரின் இசைவு வேண்டும், அவர்கள் நடத்தையைத் தொடர்ந்து கண்காணிக்கலாகாது என்றும் அது விதிக்கிறது.

நிறுவனங்களைக் குறை சொல்வது எளிது. வீட்டுக்குள் நாம் செய்வதைச் சொல்லாமல் இவ்வுரையை முடிக்க என் மனம் இடந்தரவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் என் பெரியம்மா தம் 87ஆம் வயதில், முனிவரின் அனுமதியும் மக்களின் இசைவும் பெற்றுச் சல்லேகனை விரதம் ஏற்றார். எவரிடமும் பகையில்லை என்று எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டு முடித்திருந்தார். செய்த குற்றங்களை முனிவர்முன் தனியே ஆலோசனையாகச் சொல்லி ஆறுதல் பெற்றிருந்தார். நடுக்கூடத்தில் கிடந்த அவரைச் சுற்றி உறவுப் பெண்கள் முறைவைத்துப் பாடினார்கள். பஞ்ச நமஸ்காரமும் பக்தாமரமும் இரவும் பகலும் ஓயவில்லை. அவ்விசையைப் போல் ஒன்றை நான் அதற்கு முன்னும் பின்னும் கேட்டதில்லை. முதல் நாளே அவர் தம் மகளிடம், “பாட்டு இருக்கட்டும் அம்மா, படம் மட்டும் வேண்டாம்” என்று சொல்லியிருந்தார்.

மூன்றாம் நாள், உறவில் ஓர் இளையவர் அதைக் கைப்பேசியில் படம் பிடித்தார். ஒரு நிமிடம்கூட இராது. வரமுடியாத உறவினர் தரிசிக்கட்டும் என்று குடும்பத்து வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பினார். அவர் எண்ணத்தில் களங்கமில்லை. மறுநாள் காலையில் அப்படம் பெங்களூரிலிருந்து எங்களுக்கே திரும்பி வந்தது. பெண்கள் பாடிய பாட்டின்மேல் திரைப்படச் சோக இசை ஒன்றை எவரோ பூசியிருந்தார். அதன் கீழே வணங்கியவர்கள் இருந்தார்கள். ஏன் மருத்துவமனையில் சேர்க்கவில்லை என்று வினவியவர்கள் இருந்தார்கள். இது குற்றமல்லவா என்று எழுதியவரும் இருந்தார். 2015 ஆகஸ்டில் இராஜஸ்தான் உயர் நீதிமன்றம் இவ்விரதத்தைக் குற்றமாகக் கருதித் தீர்ப்பளித்ததும், அம்மாத இறுதியிலேயே உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்திவைத்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். தீர்ப்பின் தலைப்பை மட்டும் கேள்விப்பட்டவர்கள்தாம் பலர். பெரியம்மாவின் மேலாடை தோளில் சற்று விலகியிருந்தது. அவர் மகளுக்கு அந்த ஒன்றுதான் கண்ணில் நின்றது.

அன்று மாலையும் பெண்கள் பாடினார்கள். ஆனால் வாசற்கதவைப் பார்த்துக்கொண்டு பாடினார்கள். எவர் கையில் கைப்பேசி இருக்கிறதோ என்று ஒவ்வொருவர் கண்ணும் தேடியது. குரல் தாழ்ந்துவிட்டது. கண் மூடிக் கிடந்த பெரியம்மா, “ஏன் மெல்லப் பாடுறீங்க?” என்று கேட்டார். ஒருவரும் விடை சொல்லவில்லை.

படத்தில் பொய் ஏதுமில்லை. நடந்ததுதான் அதில் இருந்தது. ரகோப்யாக்கியானம் என்று ஆசாரியர் பெயரிட்டது எதை என்று அன்று எனக்குப் புரிந்தது. அவர் கடைசியாகக் கேட்க விரும்பிய பாட்டின் ஒலியை அந்தப் படம் குறைத்துவிட்டது. வேறு தீங்கு எதையும் நான் தேடிக் காட்ட வேண்டியதில்லை.

ஆதலால் இன்றைய நாளில் நம் குடும்பங்கள் ஏற்கத்தக்க சில நியமங்களைச் சொல்ல விரும்புகிறேன். விரதம் இருப்பவர் அறையிலும் நோயாளி அறையிலும் கைப்பேசி வேண்டாம். அவர் வாயால் அனுமதி தந்தால் வேறு. பிறர் பாடுவதைப் பதிவு செய்யுமுன் கேளுங்கள், அனுப்புமுன் மீண்டும் ஒருமுறை கேளுங்கள். குழந்தைகள் பாடும் படங்களுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். பதினைந்து ஆண்டு கழித்து அந்தக் குழந்தை என்ன நினைக்கும் என்று இன்று நமக்குத் தெரியாது. பாட்டுச் செயலிகளில் கேட்ட வரலாற்றை அழிக்கவும் நிறுத்திவைக்கவும் வசதிகள் உண்டு. ஒலிவாங்கிக்கும் இருப்பிடத்துக்கும் தந்த அனுமதியைத் திரும்பப் பெறலாம். வீட்டிலுள்ள இளையவர் ஒருவர் பத்து நிமிடம் ஒதுக்கினால் தாத்தா பாட்டியின் கைப்பேசியைச் சீர்செய்துவிடலாம். தோத்திரங்களுக்கு இணையமே தேவையில்லை. அவற்றை ஒருமுறை இறக்கி நினைவட்டையில் வைத்துக்கொண்டால் நாம் எப்போது கேட்கிறோம் என்று எவருக்கும் கணக்குப் போகாது.

சாமாயிகத்துக்குரிய காலம் ஒரு முகூர்த்தம், அதாவது 48 நிமிடம். அந்த 48 நிமிடம் கைப்பேசி அணைந்திருக்கட்டும். ஓசையை மட்டும் குறைத்து வைப்பது போதாது, மடியில் அது அதிரும்போது மனமும் அதிர்கிறது. மீதமுள்ள விழா நாள்களுக்கு ஒரு நியமம் எடுக்கலாம் என்று நினைக்கிறேன்: செயலி தானாக அடுத்துப் பரிமாறும் பாட்டைக் கேட்பதில்லை, நாமே தெரிந்தெடுத்த பாட்டை, முழுதாக, ஒருமுறை. பாட்டு மீண்டும் போகமாகட்டும். என் வீட்டில் இதைக் கடைப்பிடித்து வருகிறோம். காருகுறிச்சியார்கூட வாரத்துக்கு ஒருமுறைதான் வருகிறார். வரும்போது முன்னினும் நன்றாக வாசிக்கிறார்.

நாம் நாளும் ஓதும் ணமோகார மந்திரத்தைப் பற்றி ஒரு சொல். 35 எழுத்துகளில் ஐவகைப் பரமேட்டிகளை வணங்குகிறோம். ஒருவர் பெயரும் அதில் இல்லை. ஒரு வேண்டுதலும் இல்லை. ஓதுபவர் யார், அவருக்கு என்ன குறை என்று அதைக் கேட்டுக் கண்டுபிடிக்க எந்தக் கணினியாலும் ஆகாது.

இவ்வுரைக்குப் பின் நம் மகளிர் திருநூற்றந்தாதியின் முதல் பத்துப் பாட்டைப் பாட இருக்கின்றனர். அவர்களுள் இருவர் அவையில் பாடுவது இதுவே முதன்முறை. பதிவு செய்ய வேண்டாம் என்று அவர்களே என்னிடம் சொல்லச் சொன்னார்கள். இளைஞர்களே, வாசலில் ஒரு கூடை வைத்திருக்கிறோம்; பெயர் எழுதிய துணிப்பையில் கைப்பேசியைப் போட்டுவிட்டு வந்து முன்வரிசையில் அமருங்கள். பாட்டு முடிந்ததும் எண்ணிக்கை குறையாமல் திருப்பித் தருவதற்கு அறங்காவலர்கள் பொறுப்பு.

ஜெய ஜினேந்திர.